மினுக்கிய வேர்

அருளம்பலம் கட்டிய பல்லை வாயில் வைத்திருப்பவர்கள் சிரிப்பதற்குக் காரணம் தேடுவதில்லை. நல்லூரில் ஒருவர் செத்தவீட்டில்கூடச் சிரித்துவிட்டார் என்று கதை. அச்செடுப்பதும் வார்ப்பதும் எல்லாப் பல்லுக் கட்டுகிறவர்களும் செய்கிற வேலைதான். கடைசியில் மினுக்குவதில்தான் அருளம்பலம் தன்னைக் காட்டுவார். தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போனதும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட, இவர் மனைவி பராசக்தியின் தையல் மெஷினைக் கழற்றி, அதன் சில்லோடு மினுக்குகிற துணிச்சக்கரத்தைப் பூட்டிக் காலால் மிதித்து வேலையைத் தொடர்ந்தார்.

"சட்டை தைக்கிற மெஷினிலை ஊராற்றை பல்லைத் தீட்டுறியள். வெக்கமாயில்லையே?" என்றாள் பராசக்தி.

"பல்லில்லாதவைக்குச் சட்டை என்னத்துக்கு?" என்று அவர் கொடுப்புக்குள் சிரித்தார்.

சொரசொரப்பு என்றால் அவருக்கு ஆகாது. மணல் அளவு சொரசொரப்பு இருந்தாலும் நாக்குப் புண்ணாகும், ஊத்தை பிடிக்கும் என்பார். ஓரிடத்துக்கு மட்டும் விலக்கு. பல்லுத்தட்டின் உட்பக்கத்தை, முரசின்மேல், அதாவது பல் ஈறின்மேல், குந்துகிற பக்கத்தை, மினுக்கக்கூடாது. மினுக்கினால் பிடிப்புப் போய்க் கழன்றுவிடும். தொழில் பழகத் தொடங்கிய நாட்களிலேயே அவர் கற்றுக்கொண்டது இது. இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், மனிதர் தெரியாமல் செய்துவிட்டார் என்று பின்னால் ஒருவரும் அவருக்கு வக்காலத்து வாங்கக்கூடாது.

மயிலிட்டிச் சனங்கள் இடம்பெயர்ந்து நல்லூர்ப் பக்கம் வந்திருந்தபோது ஏரம்பு அவரிடம் வந்தான். கப்பலில் வேலை பார்த்தவன். இப்போது கடலும் இல்லை, கப்பலும் இல்லை. குருநகர் மீன்பிடிகாரருக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துச் சீவித்தான். கப்பலில் வடம் அறுந்து முகத்தில் அடித்ததில் கீழ்வரிசை முன்பல் ஒன்று போய்விட, ஹம்பேர்க்கில் ஒரு டொக்டர் தாடையெலும்பைத் துளைத்து, சின்ன உலோக வேர் ஒன்றைத் திருகி இறுக்கி, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, அதன்மேல் பல் வைத்துவிட்டாராம். இடம்பெயர்ந்த அவதியில் அந்த மேல்பல் உடைந்திருந்தது. வேர் அசையவில்லை.

"இது என்னோடைதான் சுடலைக்குப் போகும் அண்ணை," என்று பெருமையடித்தான். "மேலை ஒரு பல் மட்டும் வைச்சு விடுங்கோ. பின்பக்கம் நாக்கு உரசுது, அதையும் ஒருக்காப் பாருங்கோ."

அருளம்பலம் பார்த்தார். முரசு கொஞ்சம் இறங்கி, வேரின் கழுத்து வெளியே தெரிந்தது. அதில் சாம்பல் நிறத்தில், அரத்தாளின் முகம்போல, ஒரு பூச்சு. வெளிநாட்டு டொக்டர் இதையேன் இப்படி அரைகுறையாக விட்டான் என்றுதான் அவருக்குப் பட்டது. வேண்டுமென்றே பூசியிருப்பானோ என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தார். நினைத்துவிட்டு மினுக்கினார். அரத்தாளை நூலாகக் கிழித்துச் சுற்றித் தேய்த்தார். வெளியே தெரிந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. செய்கிறதை வடிவாகச் செய்வோம் என்று முரசைக் கீழே தள்ளி, உள்ளேயும் எட்டியமட்டும் தேய்த்தார். ஏரம்புவுக்குக் கண்ணால் நீர் வடிந்தது. முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி அண்ணை!" என்றான். அன்றைக்கு அருளம்பலத்துக்குத் தலைகால் தெரியவில்லை.

"ஒண்டு சொல்லுறன். நூல் முடிச்சைப் பல்லாலை கடிச்சு இழுக்கிறதை விடும்," என்று மட்டும் எச்சரித்து அனுப்பினார்.

ஏரம்பு விடவில்லை. வலை பொத்துகிறவனுக்குக் கை இரண்டு போதாது. நைலோன் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கவ்வித்தான் முடிச்சு இறுக்குவார்கள். அடுத்த மாரியில் வேர் லேசாக ஆடத் தொடங்கியது. அருளம்பலம் அவனைக் கூட்டிக்கொண்டு, நோயாளருக்குத் தான் வழக்கமாகப் பல்லுக் கட்டிக் கொடுக்கிற பல் டொக்டர் அருமைநாயகியிடம் போனார்.

டொக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள். பிறகு அருளம்பலத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்த வேருக்கு ஒரு பூச்சு இருக்கும் அண்ணை. சொரசொரப்பாய்த்தான் இருக்கும். எலும்பு அதுக்குள்ளை வளந்து பிடிச்சாத்தான் கடிக்கிற பாரம் வேர் முழுக்கப் பரவும். பிடி விட்டுதெண்டால் பாரமெல்லாம் ஓரிடத்திலை குத்தி, அந்த இடத்து எலும்பு கரைஞ்சு போகும். கழுத்தடியிலை பூச்சையே காணேல்லை. ஆரும் உள்ளை சுரண்டினவையோ? அப்பிடியெண்டால் இப்பவே முரசைத் திறந்து துப்புரவாக்க வேணும். வெறும் பாரம்தான் காரணமெண்டால் கொஞ்சநாள் ஆறவிட்டுப் பாக்கலாம்."

அருளம்பலத்துக்கு இப்போது விளங்கியது. பிடிக்கவேண்டிய பக்கத்தை மினுக்காதே. அவர் தொழிலின் முதல் பாடம். சொல்வதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் ஏரம்பு முந்திக்கொண்டான்.

"என்ரை பிழைதான் டொக்டர். நூல் கடியாதை எண்டு அண்ணை படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

"வேறை ஒண்டும் இல்லையே?" டொக்டர் அருளம்பலத்தைத்தான் கேட்டாள்.

"இல்லை," என்றார் அருளம்பலம்.

ஒரு சொல். அதைச் சொன்னவுடனேயே திருப்பி விழுங்கலாம் போலிருந்தது. அவர் வேலையில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷனின் தாடையைக் கைவிட்டார். வேறு எப்படிச் சொல்வது?

ஆறவிட்டுப் பார்த்தார்கள். ஏரம்பு பல்லை விட்டுக் கால் பெருவிரலில் நூலைக் கொளுவி முடிச்சுப் போட்டான். வேலை இழுபட்டது, குருநகர்க்காரர் வலையை வேறு ஆளிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். அருளம்பலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று டொக்டர் வீட்டு ஒழுங்கைவரை போவார், திரும்பி வருவார். வீட்டில் சோறு இறங்கவில்லை.

"என்னப்பா, ஆற்றையும் பல்லை விழுங்கிப்போட்டியளே?" என்று பராசக்தி கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முரசு வீங்கிச் சீழ் கட்டியபோது டொக்டருக்கு வேரைத் திருகவே தேவைப்படவில்லை. இரண்டு விரலால் எடுத்தாள். பக்கத்துப் பல்லும் ஆடியது, அதையும் எடுக்கவேண்டி வந்தது. அப்போதுதான் அருளம்பலத்தின் வாய் திறந்தது.

"டொக்டர், நான்தான் உள்ளை அரத்தாளாலை தேச்சனான். அண்டைக்கு நீங்கள் கேக்கேக்கை பொய் சொல்லிப்போட்டன்."

டொக்டர் வேரைத் தட்டில் போட்டாள். "அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள். ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏரம்பு வாயில் பஞ்சைக் கடித்தபடி தலையை ஆட்டினான். "சும்மா இருங்கோ அண்ணை. என்ரை விசர் வேலையை உங்கடை தலையிலை போட்டு என்னைத் தேத்தப் பாக்கிறியள். உங்களைத் தெரியாதே எனக்கு?"

"இல்லையடா தம்பி, உண்மையாத்தான் சொல்லுறன்."

"நீங்கள் மினுக்கினபடியாத்தான் அவ்வளவு நாளாவது நாக்குச் சுகமாய் இருந்தது," என்றான் ஏரம்பு. வேரைக் கழுவி, அவருடைய கையில் வைத்துப் பொத்தினான். "இதைக் கடையிலை வையுங்கோ. பல்லாலை நூல் இழுக்கிறவை வந்தால் காட்டி, ஏரம்பு உங்கடை சொல்லுக் கேளாமல் கெட்டவன் எண்டு சொல்லுங்கோ."

அருளம்பலம் அதை மெஷினுக்கு மேலே, கண்ணில் படுகிற இடத்தில், ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தார். ஏரம்பு சும்மா இருக்கவில்லை. போகிற வருகிற இடமெல்லாம் அருளம்பலத்தைப் புகழ்ந்து, ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தான். முதலில் வந்தவள் ஞானாம்பிகை, மயிலிட்டியில் அவனுக்கு அயல்வீட்டுக்காரி. மேல்வரிசைப் பல் நான்கு கட்டவேண்டும் என்றாள். குப்பியைக் கண்டதும் கையில் எடுத்தாள்.

"உதுதானே ஏரம்பு கடிச்சுக் கெடுத்தது?"

"இல்லைப் பிள்ளை. அது நான் மினுக்கிக் கெடுத்தது," என்றார் அருளம்பலம்.

அவள் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வேரின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. மேல்பாதி பளபளத்தது.

"ஐயோ, என்ன மினுக்கம்!" என்றாள் ஞானாம்பிகை. "ஏரம்பு சொன்னது சரிதான். எனக்கும் இப்பிடித்தான் வேணும் அண்ணை."

அருளம்பலம் குப்பியை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அவளை வாயைத் திறக்கச் சொன்னார்.