சொல்லாமல் விட்ட பள்ளம்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் அவளுக்கு அண்ணி என்றே பெயர் விழுந்துவிட்டது. கூடவே ஓட வரும் நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், அவளைவிட வயதில் மூத்த மருந்துக்கடைக்காரர்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவர்தான் அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவர்.

அண்ணிக்கு வேலை பல் செட் செய்யும் கூடத்தில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மேலே மெழுகு கட்டி, யாரோ ஒருவர் நாளைக்குச் சிரிக்கப்போகும் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வைப்பாள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. முதுகு பிடித்துக்கொண்டது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடை ஓட்டமானது எப்போது என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் மூச்சிரைக்க வீடு திரும்பியவள், வாசலிலேயே நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லாம் பொது. கூடம் பொது, குளியலறை பொது, அவள் சம்பளமும் பொது. இந்த ஓட்டம் மட்டும் அவளுடைய சொந்தம் என்று தோன்றியது.

அந்தச் சொந்தத்தில் நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டதும் அவள்தான். யாரும் சொல்லவில்லை.

நாத்தனார் முடி வெட்டும் கடையில் வேலை பார்ப்பவள். அம்மாவோடு அதே வீட்டின் மாடியில் இருந்தாள். நாளெல்லாம் நின்ற காலோடு படுத்தால் தூக்கம் வரவில்லை என்று புலம்பியபோது, “என்கூட ஒரு நாள் ஓடி வந்து பாரேன்” என்றாள் அண்ணி. வந்தாள். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அண்ணியைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்காக அவள் தலைக்கனம் பிடித்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணிக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்களின் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடுவாள். ஓடி ஓடி இருவருக்கும் நடுவே ஒரு பழக்கமும் வந்திருந்தது. வீட்டில் “நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி” என்பவள், செருப்பை விட்டு ஷூ மாட்டியதும் “வா அண்ணி, சோம்பேறி” என்பாள். ஒரு தடவை அது மாடியிலிருந்த மாமியார் காதில் விழுந்து, “அண்ணியை வா போங்கிறியே, வாயா அது” என்று திட்டு வாங்கினாள். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

அந்த வருட மாரத்தானுக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏரிக்கரையில் தொடங்கி, கிடங்குகள் இருக்கும் சாலை வழியாகப் பழைய விமானத் தளம்வரை போய்த் திரும்பும் பாதை. பேருக்குக்கூட ஒரு மேடு கிடையாது. தட்டில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது, அப்படியொரு சமதளம். கூட்டத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மருந்துக்கடைக்காரர்தான் எச்சரித்தார்.

“சமதளம்தானேன்னு இளக்காரமா நினைக்காதீங்க. மேடு வந்தா ஒரு தசை உழைக்கும், இறக்கத்துல அது ஓய்வெடுக்கும். இங்க முதல்லேருந்து கடைசிவரை ஒரே தசைதான் செக்குமாடு மாதிரி சுத்தணும்.”

கூட்டத்துக்கு அவர் வைத்திருந்த ஒரு சட்டம், முன்னால் ஓடுகிறவர் வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது. கல்லு என்றோ, வண்டி என்றோ, பள்ளம் என்றோ ஒரு சொல் போதும். முன்னால் போகிறவர் முதுகு மறைப்பதால் பின்னால் வருகிறவருக்குத் தரை தெரியாது.

பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருந்த ஒரு ஞாயிறு காலை, கால்வாய் ஓரப் பாதையில் நீண்ட ஓட்டம். வெளிச்சம் வந்திருந்தது, ஆனால் மரத்தடியில் இருட்டு முழுதாகக் கலையவில்லை. அண்ணி முன்னால் ஓடினாள், நாத்தனார் அவள் முதுகை ஒட்டிப் பின்னால். மற்றவர்கள் வெகு தூரம் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். அண்ணிக்கு நெஞ்சு அடைத்தது, தொடை கனத்தது. பின்னாலிருந்து பேச்சு நிற்கவே இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு முடி வெட்டப்போய்ப் பெண்ணின் அம்மா அழுத கதை. ஒரு மூச்சு வாங்கலோ தடங்கலோ இல்லாமல், திண்டில் சாய்ந்துகொண்டு பேசுவதுபோல் வந்தது அந்தக் குரல்.

“அண்ணி, கொஞ்சம் வேகம் கூட்டலாமா? உனக்கு முடியும்னாதான்.”

முந்தின இரவு சாப்பாட்டின்போது அவள் கணவன் வேறு, “தங்கச்சி இந்தத் தடவை மெடலே வாங்கினாலும் வாங்குவா. நீ பத்திரமா முடிச்சிட்டு வந்தாப் போதும்” என்று பாசத்தோடுதான் சொல்லியிருந்தான். அந்தப் பாசம் சோற்றில் கல்லாய்க் கடித்திருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். சாக்கடை மூடி ஒரு மூலை உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. ஈர இலைகள் அதைப் பாதி மூடியிருந்தன. பார்த்தாள், இடது பக்கம் ஒதுங்கினாள். நாக்கு நுனிவரை வந்த சொல் அங்கேயே நின்றது. மூச்சு இல்லாததால் நின்றதா, நிற்கட்டும் என்று அவள் விட்டதால் நின்றதா? கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சியை முறித்ததுபோல.

நாத்தனார் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு சிரிக்கப் பார்த்தாள்.

“பேச்சு பேச்சுன்னு வந்தேன்ல, எனக்கு நல்லா வேணும்” என்றாள்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். படி ஏறக் கூடாது என்றதால் கீழ்வீட்டு முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். அண்ணியின் கணவன் லிப்ட் மெக்கானிக். “ஊர்ல இருக்கிற லிப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறேன், என் தங்கச்சியை மாடிக்கு ஏத்த ஒரு லிப்ட் இல்லை பாரு” என்று சிரிப்புக் காட்டிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமியார், யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொண்டே மகளின் நெற்றியை வருடினாள்.

ஒருவர்கூட அண்ணியைக் கேட்கவில்லை. நீ முன்னால்தானே போனாய், பார்க்கவில்லையா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே உடைந்திருப்பாள். கேட்காததால் சுமந்தாள்.

சுமை இறங்கட்டும் என்று வேலை செய்தாள். விடியலில் எழுந்து நாத்தனாருக்கு வெந்நீர் வைத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், கட்டில் நனையாமல் தலை அலசிவிட்டாள், கட்டுக்குள் அரித்தபோது பின்னல் ஊசியைத் துணி சுற்றிக் கொடுத்தாள். செய்யச் செய்யப் பேர்தான் வளர்ந்தது. “கூடப் பிறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா” என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொன்னாள். பல வருடங்களில் அவள் வாயிலிருந்து மருமகளைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. வேறு ஒரு நாளாக இருந்தால் அண்ணி அதை நினைத்து நினைத்துப் பூரித்திருப்பாள். இப்போது அது சூடு வைத்ததுபோல் இருந்தது.

பல் செட் கூடத்திலும் கை தடுமாறியது. மாவு கரைக்கும்போது குமிழி வராமல் தட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. வெள்ளைக் கூழ் கிண்ணத்தில் சுழன்றால் போதும், நாத்தனாரின் கட்டுப்போட்ட கால் அதில் தெரிந்தது. அச்சு அச்சாக வீணாயிற்று. “உடம்பு சரியில்லையா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அச்சில் இறுகிய மாவுபோல் கிடந்தது.

மாரத்தானிலிருந்து விலகிவிடுவதாக அவள் சொன்னபோது முதலில் எதிர்த்தது நாத்தனார்தான்.

“என்னால நீயும் நின்னுட்டா எனக்கு எப்படி இருக்கும்? எனக்கும் சேர்த்து ஓடு அண்ணி.”

அதோடு விடவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, எந்த நாள் எவ்வளவு தூரம், என்றைக்கு ஓய்வு என்று அவளே தீர்மானித்தாள். அண்ணி ஓடிவிட்டு வந்தால், வியர்வை அடங்குவதற்குள், “இன்னிக்குக் கால்வாய்ப் பக்கம் போனியா? அந்த மூடியை மாத்திட்டாங்களா?” என்று சாதாரணமாகக் கேட்பாள். அண்ணி அந்தப் பக்கமே போவதில்லை. போனதாகச் சொன்னாள். அப்படி ஒரு பொய்யும் மேலே ஏறிக்கொண்டது.

கட்டு பிரித்து, நாத்தனார் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்த சமயம். பந்தயத்துக்கு முந்தின நாள் பிற்பகல், “உன் முடி கழுத்துல ஒட்டி இம்சை பண்ணும், உக்காரு, வெட்டிவிடறேன்” என்றாள். அண்ணியை முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, தான் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சீப்பு ஈரமாக இறங்கியது. பிடரியில் கத்தரி குளிர்ந்தது. அந்தக் கை அவ்வளவு பதமாகத் தலையைப் பிடித்துச் சாய்த்தது. அந்தப் பதத்தைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை.

“அந்தப் பள்ளத்தை நான் பாத்தேன்” என்றாள்.

கத்தரி நின்றது.

“பாத்துட்டுத்தான் ஒதுங்கினேன். உன்கிட்டச் சொல்லலை. மூச்சு வாங்குச்சுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். ஒரு சொல்லுதான், சொல்லியிருக்கலாம். நீ பேசிக்கிட்டே வந்தது எனக்கு... எரிச்சலா இருந்துச்சு. நீ விழணும்னு நினைக்கலை. விழாம இருக்கட்டும்னும் நினைக்கலை.”

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகு கத்தரி மறுபடி நகரத் தொடங்கியது. நிதானமாக, இரண்டு காது ஓரமும் சமமாக வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, பாதியில் விட்ட வேலை என்று யாரும் சொல்ல முடியாதபடி வெட்டி முடித்தாள். துணியை அவிழ்த்து உதறினாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

“நீங்க ஒதுங்கினதை நான் பாத்தேன். எனக்கு வழி விடறீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் வேகமாக் காலை வெச்சேன்.”

நீங்க. அண்ணி திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கே உன் அண்ணன்கிட்டயும் அத்தைகிட்டயும் சொல்லிடறேன்.”

“வேணாம். சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கும். இங்க தினமும் சண்டை நடக்கும், ரெண்டு பக்கமும் நடுவுல நான்தான் நிக்கணும். என்னால இப்ப ரொம்ப நேரம் நிக்க முடியாது அண்ணி.” ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு ஓடுங்க. பேர் கொடுத்தாச்சு.”

ஓடினாள். வலி வரும், அந்த வலியில் கொஞ்சமாவது கழியும் என்று உள்ளூர நம்பிக்கொண்டுதான் ஓடினாள். வலி வந்தது. விமானத் தளத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில் தொடை இரும்பாய் இறுகியது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான சாலை, ஒதுங்க ஒரு நிழலில்லை. ஆனால் வலி வெறும் வலியாகத்தான் இருந்தது, எதையும் கழிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சிறிது தூரம் கூட ஓடி வந்து, “தலையைத் தூக்குங்க அண்ணி, தரையையே பாக்காதீங்க” என்றார். அவளால் தரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கடைசியில் ஏரி தெரிந்தது. கோட்டைத் தாண்டினாள். தாண்டிய கணத்தில், யாரையும் கேட்காத ஒரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவனும் மாமியாரும் நிற்பதைக் கண்டாள், நடுவில் ஊன்றுகோலோடு நாத்தனார். மூவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரும்தான். சிரிப்பு அண்ணியின் முகத்திலேயே உறைந்தது. அதுவரை பட்டதையெல்லாம்விட, சந்தோஷப்பட்டுவிட்டோமே என்பதுதான் அதிகம் சுட்டது.

“பாத்தியா என் பொண்டாட்டியை. வீட்டுல உன்னையும் பாத்துக்கிட்டு, இதையும் ஓடி முடிச்சிட்டா” என்று தங்கையிடம் பெருமைப்பட்டான் கணவன்.

“ஆமா” என்றாள் நாத்தனார். “நல்லா ஓடுனீங்க அண்ணி.”

நாத்தனார் மாடிக்குத் திரும்பிப் போனாள். கடையிலும் வேலைக்குச் சேர்ந்தாள், ஆனால் சுழலும் முக்காலியில் உட்கார்ந்துதான் வெட்டினாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வெளியார் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாமியார் இப்போதும் மருமகளைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். அப்போதெல்லாம் நாத்தனார் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணிதான் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்து நாத்தனார் மறுபடி ஓடத் தொடங்கினாள், தனியாக. அண்ணி கிளம்பும் முன்பே கிளம்பிவிடுவாள். கூட வரவா என்று கேட்க அண்ணிக்கு வாய் வரவில்லை.

குளிர் விழுந்த ஒரு ஞாயிறு, அண்ணி ஏரிக்கரை வழியே திரும்பிக்கொண்டிருந்தாள். கரையின் கல் பெஞ்சில் நாத்தனார் ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். தாண்டிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் அண்ணி வேகத்தைக் குறைத்தாள். பிறகு போய்ப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வலிக்குதா?”

“குளிர்ல இறுகிக்குது. கொஞ்ச நேரத்துல விட்டுடும்.”

ஓட்டக்காரர்கள் நாலைந்து பேர் கடந்து போனார்கள். நாத்தனார் திரும்பவும் குனிந்து அமுக்கினாள். கை சரியாக எட்டவில்லை, முகம் சுளித்தாள். அண்ணி எதுவும் கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு கட்டைவிரலில் தட்டுப்பட்டது. நாளெல்லாம் மெழுகைப் பதமாக்கும் விரல்கள் அதைச் சுற்றி மெதுவாக அழுத்தின.

நாத்தனார் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “இன்னும் கொஞ்சம் கீழ” என்றாள்.