நைனாவின் விசில் யாருக்கு?

போன மாதம் செஞ்சியில் ஒரு பாகப்பிரிவினைக்கு மத்தியஸ்தம் செய்யப் போயிருந்தேன். நிலம் கிடையாது, நகை கிடையாது. பிரிக்க வேண்டியிருந்தது... ஞாபகங்கள்.

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

செல்வமணி என் சிநேகிதன். கரண்ட் ஆபீஸில் வேலை, மற்ற நேரத்தில் கவிஞன். தங்கை கலையரசி டீச்சர். அவளும் கவிஞர். ஒரு வீட்டில் ஒரு கவிஞர் இருந்தாலே அக்கம்பக்கம் தாங்காது – இங்கே ரெண்டு. இவர்களுடைய நைனா பஸ் கண்டக்டர். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கி நசுங்கி டிக்கெட் கிழித்தவர். போன வருஷம் தவறிவிட்டார்.

சாதாரண வீட்டில் அப்பா போனால் பத்திரம் எங்கே என்று தேடுவார்கள். கவிஞர்கள் வீட்டில்? யார் முதலில் எழுதுவது என்று பார்ப்பார்கள்.

நைனா வீட்டிலும் விசில் ஊதுவாராம். ஒரு விசில் என்றால் சண்டையை நிறுத்து. ரெண்டு விசில் என்றால் சாப்பிட வா. செல்வமணி அதைக் கவிதையாக்கி, தன் புதுத் தொகுப்புக்கே தலைப்பாக வைத்துவிட்டான். புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில், திண்டிவனத்தில் நடந்த கவியரங்கத்தில் கலையரசி அதே விசிலைப் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை கட்.

இந்த நேரம் பார்த்து நைனாவின் முதல் தெவசம் நெருங்கியது. அவள் வந்தால் நான் படையலில் உட்கார மாட்டேன் என்றான் அண்ணன். அவன் இருக்கிற வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாள் தங்கை. அவர்களுடைய அம்மா அஞ்சலையம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"ரெண்டு பேரு புக்குக்கும் முன்னுரை எழுதினது நீதானே தம்பி. நீயே வந்து தீத்து வுடு."

வேண்டும் எனக்கு. முன்னுரை எழுதினால் இதெல்லாம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் இல்லையா?

அம்மா மிரட்டி வரவழைத்ததால் நான் பஞ்சாயத்துக்குப் போன அன்று மட்டும் இருவரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் நடுவில். எந்த ஞாபகத்தை யார் எழுதுவது என்று பங்கு போட்டோம். ஆரம்பம் சுமுகம்தான். நைனாவோடு ராஜகிரிக் கோட்டை ஏறி மயங்கி விழுந்தது அண்ணனுக்கு. அனந்தபுரம் சந்தையில் தொலைந்துபோனது தங்கைக்கு. அப்புறம் ஒரு பல்லில் வந்து மாட்டிக்கொண்டோம். அவனுக்கு முதல் பல் விழுந்ததைப் பற்றி அவள் எழுதியிருக்கிறாள்.

"பல்லு என்னுது," என்றான்.

"கூரை மேல வீசினது நானு," என்றாள்.

என்ன தீர்ப்பு சொல்வது? விழுந்தது வரை அவனுக்கு, வீசியதிலிருந்து அவளுக்கு என்று பிரித்துவிட்டேன்.

அடுத்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. கடைசி நேரத்தில் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கலையரசி. செல்வமணிக்கு அன்று டியூட்டி, வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதனால் அது அவளுக்கு என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான் பாருங்கள்...

"சாவை அவளுக்குக் குடுத்துட்ட. எனக்கு ரெண்டு தீவாளியாவது குடு."

கொடுத்தேன். மிச்சம் இருந்தது விசில். அதில் இருவரும் துளி இறங்கி வரவில்லை. குரல் ஏறியது. சின்ன வயதில் யார் யாரைக் கடித்தார்கள் என்பது வரை போனது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவப் பார்த்தேன்.

அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு விசில்.

ஒன்றே ஒன்று. நீளமாக.

இருவரும் கப்சிப். நாற்பதைத் தாண்டிய மனிதர்கள் சார் – பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டார்கள். அஞ்சலையம்மாள் வெளியே வந்தார். விசில் அவர் முந்தானை முடிச்சிலேயேதான் இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக.

"இன்னாடா பங்கு பிரிக்கிறீங்க? கட்டின பொண்டாட்டிக்குப் பங்கு கெடையாதா?"

மூன்று பேருக்கும் சுருக்கென்றது. மத்தியஸ்தர் எனக்கே அது தோன்றவில்லையே!

உங்களுக்கு எதும்மா வேணும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? எங்கிட்டயே இருக்குது. இந்த விசில அவரு எனக்காக ஒரு தபா ஊதினாரு. ஓடுற பஸ்ஸ நிறுத்தி. எதுக்குன்னு இதுங்களுக்குத் தெரியாது."

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்தார்கள். ரெண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தோளும் தோளும் இடித்தது. எதுக்கும்மா என்று கேட்டதும் ஒன்றாகவே கேட்டார்கள்.

"இப்ப சொன்னா காலையில எழுதிடுவீங்க. தெவசத்தன்னிக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காருங்க. அப்பறம் பாக்கலாம்."

உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். படையல் போட்டு, கற்பூரம் காட்டி, காக்காய்க்குச் சோறு வைத்து, ஒரே வரிசையில் சாப்பிட்டார்கள். அவள் இலைக்கு அவன் வடையை எடுத்து வைத்தான். அஞ்சலையம்மாள் அதைப் பார்த்துவிட்டு, நைனா போட்டோ பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை கழுவினதும் இருவரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நானும் கொஞ்சம் கிட்டத்தில்தான் இருந்தேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

"அடுத்த வருசம் தெவசத்துக்கும் சேந்து வாங்க. சொல்றேன்."

அடுத்த வருஷத்துக்கு நானும் இப்போதே வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன்.