மிஷின் கட்டியிருந்த நாள்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே வியாதிகள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, ஆளுக்கொரு தொப்பை. பொருத்தம் பார்த்தவர்கள் இதைத்தான் பார்த்தார்களோ என்னவோ. ஆனால் இதயம் மட்டும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி என்றார் டாக்டர். மாதவிலக்கு இருந்தவரை ஹார்மோன் என் நெஞ்சுக்குக் காவலாக இருந்ததாம். அது நின்ற பிறகு, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கி உட்காரவைக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்துக் கண் இருட்டுகிறது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் மிஷின். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இடுப்பில் கட்டிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிந்துகொள்ளும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் கூடிக்குறைய வேண்டுமாம். கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடித்தால் இதயம் களைத்துவிட்டது என்று அர்த்தமாம். போன வருஷம் என் வீட்டுக்காரருக்கும் கட்டினார்கள். முகூர்த்த நாள், பூக்கடையை மூட முடியாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மிஷினோடே பூ மூட்டை தூக்கினார். கோளாறு அப்படியே பதிவானது. வைத்தியம் நடந்து இப்போது நன்றாக இருக்கிறார்.

என்னையும் வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். யார் கேட்டது? சுகர் டெஸ்ட் என்றால் இரண்டு நாள் முன்னாலிருந்தே சோற்றைத் தொடாமல் இருந்து நல்ல ரிப்போர்ட் வாங்குகிற மனுஷன் இவர். என்னையும் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வது போலத் தயார்செய்தார். சோழவந்தானிலிருந்து நாத்தனாரை வரவழைத்தார். அவள் சமைத்தாள், அவளே மாமியாரைத் தூக்கினாள். எனக்குக் கட்டிலுக்கே காபி வந்தது. கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாகப் பகலில் தூங்கினேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரிப்போர்ட்டும் சுகமாகத்தான் வந்தது. ஒரு குறையும் இல்லை, ஹார்மோன் குறைகிற வயசில் படபடப்பு வரத்தான் செய்யும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நாத்தனாரும் ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் மாமியாரைத் தூக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவரிடம் சொன்னதற்கு, "அதான் மிஷினே நல்லாருக்குன்னு சொல்லிருச்சுல்ல, சும்மா போட்டு மனசக் கொழப்பிக்காத" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானே ஆட்டோ பிடித்துப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்னொரு நாள் கட்டலாம், ஆனால் எந்த வேலையில் படபடப்பு வருகிறதோ அதை அன்றைக்கும் நீங்களே செய்ய வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"நெஞ்சுல மிஷினக் கட்டிக்கிட்டு அம்மாவத் தூக்குறதா? ஏதாச்சும் ஒன்னு ஆயிருச்சுன்னா என்ன பண்றது? அதெல்லாம் ஒன்னும் வேணாம்."

பாசமாகத்தான் சொன்னார். என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"போ, அம்மா கூப்புடுது பாரு" என்று கையை விட்டார்.

நான் தூக்கப் போனேன்.