கையோடு வந்த அழுகை

திருத்தணி மலைமேல் முடி இறக்கும் மண்டபத்தில், தணிகைமணியின் முன்னால் வந்து உட்கார்ந்த குழந்தை ரொம்ப நேரம் அழாது என்று ஒரு பேச்சு உண்டு. தாய்மாமன் மடியில் நிற்காமல் துள்ளி வீறிடும் பிள்ளைகளை, "அந்த ஓரத்துல இருக்காரே, அவராண்ட போங்க" என்று கூட வேலை செய்பவர்களே அனுப்பி வைப்பார்கள்.

இதற்கு அவனிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. தொழில் அப்பாவுடையது. ஆனால் அப்பா பெரியவர்களுக்கு மட்டுமே மழித்தவர். குழந்தைத் தலை என்றால் தள்ளிப் போய்விடுவார். தணிகைமணி பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிக்கொண்டான். தண்ணீரை நேராகத் தலையில் ஊற்றமாட்டான். தன் உள்ளங்கையை நனைத்து, அந்த ஈரம் உடம்புச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து, பிறகுதான் உச்சியைத் தடவுவான். கத்தியில் புது பிளேடு மாட்டுவது குழந்தையின் கண்ணில் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய இடது கை. தாடைக்கும் காதுக்கும் நடுவே விரல்களை விரித்து வைப்பான், அழுத்தமாட்டான். குழந்தை தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பும். பிடித்திருப்பதே தெரியாத பிடி அது. இடது கை சரியாக இருந்தால் வலது கையில் இருக்கும் கத்திக்குப் பெரிய வேலை இல்லை என்பான்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், சாயங்காலம் விளக்கு வைத்தால் போதும், அடங்காமல் அழுதாள்.

மனைவி பிரபாவதிக்கு ஆர்.கே.பேட்டை. அந்தப் பக்கத்து வழக்கப்படி கணவனைப் பாவா என்று கூப்பிடுவாள். அவள் அம்மா விசைத்தறியில் கூலிக்குப் போகிறவள். பிரசவமான மகளை ஒரு மாதத்துக்கு மேல் உடன் வைத்துப் பார்க்க முடியவில்லை. குழந்தையும் கையுமாகப் பிரபாவதி கே.ஜி.கண்டிகைக்கு, இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பகலில் குழந்தை பால் குடிக்கும், தூங்கும், முழித்துக்கொண்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெயில் தாழ்ந்ததும் முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, முகம் செக்கச் சிவக்க, கைகளை இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பிக்கும்.

மலையிலிருந்து தணிகைமணி இறங்கி வரும் நேரமும் அதுதான். தன் கைவசம் இருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தான். சாவிக்கொத்தை ஆட்டினான். உச்சியில் ஊதினான். ஈரக் கையால் நெற்றியைத் தடவினான். ஒவ்வொன்றுக்கும் குழந்தை கொஞ்ச நேரம் நின்று அவனைப் பார்த்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஒரு தலை மழிக்கிற நேரத்துக்குத்தான் அந்த வித்தையெல்லாம் தாங்கும் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கன்னியம்மாள் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"கவனிச்சியா தம்பி? நீ வாசல்ல செருப்பக் கழட்டுற, அது ஆரம்பிக்குது. பகலெல்லாம் பூவாட்டம் கெடந்துச்சு."

"அதுக்கு இன்னாக்கா பண்றது?"

"ஊரு புள்ளைங்க அழுகையெல்லாம் மலைமேல கையால வழிச்சி எடுக்குற. அது எங்க போவும்? உன் கையோட வூட்டுக்கு வந்துடுது."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று ஓடியும் போய்விட்டாள். ஆனால் அந்தப் பேச்சு தணிகைமணிக்குள் தைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பின்பக்கமாக வந்து, சோப்பும் மஞ்சளும் போட்டுக் குளித்தான். எலுமிச்சம்பழத்தை அறுத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தான். குழந்தை அழுதது.

பிறகு ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், வீடு வர ஒன்பது மணி ஆகிவிட்டது. பயந்துகொண்டே கதவைத் தள்ளினான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

அவன் போட்ட தப்புக் கணக்கு அங்கே தொடங்கியது. நான் வந்தால் அழுகிறாள். நான் இல்லாவிட்டால் தூங்குகிறாள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்ததால் சாக்குக்குப் பஞ்சமில்லை. "காவடிக் கூட்டம் இப்பவே வர ஆரம்பிச்சிடுச்சி, லேட்டாத்தான் வருவேன்" என்று பிரபாவதியிடம் சொல்லி வைத்தான். உண்மையில் ஆறு மணிக்கே வேலை முடிந்துவிடும். கண்டிகை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, எதிரே வேணுவின் டீக்கடையில் உட்காருவான். டிவி அலறும், பஸ்கள் வந்து நின்று உறுமும். ஒன்பது மணி அடித்த பிறகு எழுந்து வீட்டுக்குப் போவான். தூங்குகிற மகளைக் கதவோரத்தில் நின்று பார்ப்பான். தொடமாட்டான். காலையிலும் தொடுவதை விட்டுவிட்டான்.

மண்டபத்தில் பக்கத்து இடத்துக்காரர் சிங்காரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"ஊரான் புள்ளய எல்லாம் மயக்குறியே, உன் பொண்ணு மயங்குனாளா?"

"ஆங், இப்பல்லாம் அழறதில்லண்ணே. நான் போறப்ப தூங்கிகினு இருக்கா."

"பாத்துக்கோ. தலைவர் சாதிச்சிட்டாரு!"

தணிகைமணியும் சிரித்துவைத்தான். அந்த நேரத்தில் அவன் இடது கையில் யாருடைய குழந்தையோ இருந்தது. நனைத்த உச்சியில் தோல் மெல்லத் துடிப்பது விரலுக்குத் தெரிந்தது. தன் மகளின் உச்சியும் இப்படித்தானே துடிக்கும் என்று நினைத்தான். இந்தக் கையை வைத்துக்கொண்டு அவளை எப்போது தூக்கப் போகிறோம், தூக்கவே முடியாமல் போய்விடுமோ என்று ஒரு கலக்கம் வந்தது. கத்தியை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. டிவி பாதிப் பேச்சில் அறுந்தது. விளக்கெல்லாம் அணைந்து, ரோட்டில் ஒரு வண்டியும் வராத நேரம். வேணு மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தான்.

கடைக்குப் பின்னாலிருந்த தெருவிலிருந்து ஒரு குழந்தை அழுவது கேட்டது.

குழந்தை அழுகையைத் தரம் பிரிப்பது தணிகைமணிக்கு அன்றாட வேலை. பசி அழுகை விட்டு விட்டு வரும். பயந்த அழுகை எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகும். இது மூச்சு முட்டும்வரை நீண்டு, சட்டென்று நின்று, மறுபடி அதே இடத்திலிருந்து கிளம்பியது. யாருடைய அழுகை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மணி, டீ?" என்று வேணு கேட்டபோது பெஞ்சில் ஆள் இல்லை.

வீட்டு வாசலில் செல்போன் வெளிச்சம் மட்டும் இருந்தது. பிரபாவதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். தட்டிக்கொடுக்கும் கை நின்று நின்று போனது.

"பாவா? இன்னிக்கு சீக்கிரம் வுட்டுட்டாங்களா?"

"எப்பலருந்து அழுவுறா?"

"வெளக்கு வெச்சதுலருந்து."

"இன்னிக்கி மட்டுமா?"

"தெனமுந்தான். நீ வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் அசந்து தூங்குவா. நாளெல்லாம் குனிஞ்சி வேல செஞ்சிட்டு வர்ற, உனுக்கு எதுக்கு சொல்லிகினுன்னு வுட்டுட்டேன். சொன்னா பால் பத்தலன்னு டப்பா பால் வாங்கியாந்துடுவியோன்னும் பயம்."

"நான் இல்லாதப்பவும் அழுவுறாளா?"

"இது இன்னா கேள்வி?"

அவன் சொன்னான். கன்னியம்மாள் சொன்னது, எலுமிச்சம்பழம், டீக்கடை, எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னான். குழந்தையின் சத்தத்துக்கு மேலே பாதி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"டீக்கடையிலயா? நான் இங்க ஒத்தையில செத்துகினு இருக்கேன், நீ அங்க டிவி பாத்துகினு இருந்தியா?"

"பாக்கல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

"ரொம்ப பெருமதான்!" குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள். "புடி."

"இன்னும் குளிக்கல பிரபா. கை..."

"வாளியில சோப்பு போட்டு கழுவிகினு வா, போதும். நீ குளிச்சி வர்றதுக்குள்ள நான் கீழ வுழுந்துடுவேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினான். இத்தனை நாளில் குழந்தை கனத்திருந்தது. எப்படிப் பிடிப்பது என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. இடது கை தானாகப் போய்த் தலையை ஏந்திக்கொண்டது. கன்னம் உள்ளங்கையில் பக்கவாட்டாகப் பதிந்தது. மூக்குக்கு இடம் விட்டு விரல்கள் விரிந்தன. வயிறு முன்கையின் மேல் குப்புறப் படிந்தது, கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. வலது கையை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தான்.

குழந்தை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பியது, கையும் திரும்பியது. உடம்பை முறுக்கியது, கையும் கூட அசைந்தது. மண்டபத்தில் அவனுக்கு எப்போதும் ஒரு அவசரம் இருக்கும். அடுத்த தலை காத்திருக்கும். இங்கே இந்த ஒரு தலைதான். அதை அடக்கி யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அழட்டும், நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியபோது அவன் தோள் இறங்கியது. அதுவரை தோளைத் தூக்கி வைத்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பிரபாவதி இருட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சோறு சூடா கீது பாவா" என்றாள். குரலில் கோபம் குறைந்திருந்தது. "சூடா சாப்புட்டு எத்தினி நாளாச்சி."

கரண்ட் வந்தபோதும் குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. ஆனால் அழுகைக்கு நடுவே இடைவெளி நீண்டது. பிறகு கையிலேயே தூங்கிப்போனது. பிரபாவதி அதற்கு முன்னாலேயே, தட்டைக் கூடக் கழுவாமல், பாயில் தூங்கிவிட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் அனுராதா எடை பார்க்க வந்தாள். தராசின் தூளியில் குழந்தையைப் போட்டுத் தூக்கிப் பார்த்து, "நல்லா ஏறிக்கீது" என்றாள். "பால் பத்தாத புள்ள இப்டி ஏறுமா? டப்பா பாலு, வசம்பு, எதுவும் வேணாம்."

"அப்ப சாயங்காலம் ஏன் மேடம் இப்டி அழுவுது?" என்று கேட்டாள் பிரபாவதி.

"இன்னா காரணம்னு சரியா யாராலயும் சொல்ல முடியல. நெறைய கொழந்தைங்களுக்கு வரும். மூணு நாலு மாசத்துல தானா போயிடும். காய்ச்சல் அடிச்சா, பால் குடிக்கலன்னா, பச்சையா வாந்தி எடுத்தா மட்டும் ஒடனே தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மத்தபடி ஒருத்தர் தூக்குங்க, ஒருத்தர் படுங்க. ரெண்டு பேருக்கும் முடியலன்னா புள்ளய மல்லாக்க பத்திரமா படுக்க வெச்சிட்டு, வெளிய போய் கொஞ்சம் மூச்சு வுட்டுட்டு வாங்க. தப்பில்ல."

தணிகைமணி தயங்கித் தயங்கிக் கேட்டான். "கையி ஒண்ணும் காரணமில்லியே?"

"எந்தக் கை?"

பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஆறு மணி ஆனால் அவன் நேராக வீட்டுக்கு வந்தான். கையைக் கழுவிவிட்டு, துண்டை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொள்வான். பிரபாவதி படுப்பாள், இல்லாவிட்டால் தலை வாரிக்கொண்டு கன்னியம்மாள் வீட்டு வாசலில் போய் உட்காருவாள். ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் உண்மையிலேயே நேரமாகிவிட்டது. அன்று கன்னியம்மாளே முறை எடுத்துக்கொண்டு தூக்கினாள். "அம்மாடி, என் கையிலயும் இதே ஆட்டந்தான்" என்று மறுநாள் அவனிடம் தானாக வந்து சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

சிங்காரம் விடவில்லை. "இன்னாப்பா, பொண்ணு இப்பவும் சத்தமில்லாம தூங்கறாளா?"

"எங்க தூங்கறா? தொண்ட கிழிய அழுவுறா. நான் தூக்கிகினு நடக்குறேன்."

"அப்ப உன் வித்த பலிக்கல?"

"பலிக்கல" என்றான் தணிகைமணி. அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. அழுகை ஒரு நாள் குறையும், ஒரு நாள் ஏறும். ஒரு சாயங்காலம் பிரபாவதி விளக்கேற்றினாள். தணிகைமணி கையைக் கழுவி, துண்டைத் தோளில் போட்டுத் தயாராக நின்றான். குழந்தை பாயில் கிடந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தெருவிளக்கு எரிந்தது. கோயில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆரம்பிக்கலியே பாவா?"

"சும்மாரு. காதுல வுழுந்துடப் போவுது."

வாசலில் கன்னியம்மாளின் தலை தெரிந்தது. "இன்னாடி, சத்தத்தையே காணோம்? புள்ளக்கி ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

பிரபாவதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை திரும்பிப் பார்த்தது. தணிகைமணி குனிந்து, இடது கையைத் தலைக்கு அடியில் கொடுத்து அவளைத் தூக்கினான்.

"அதான் அழலியே, எதுக்கு தூக்குற?"

"அழுதாத்தான் தூக்கணுமா?" என்றபடி அவன் குழந்தையோடு வாசலுக்கு நடந்தான்.