மூன்றாவது கை

இரண்டு கைகளிலும் தடித்த கம்பளி உறையை மாட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் பெட்டிக்காரி. பாக்கெட் வெடித்துத் தரையெல்லாம் பிஸ்கட். "ஊர்லயே நம்ம வீட்லதான் பிஸ்கட்ட விளக்குமாத்தால சாப்பிடறோம்" என்றபடி கூட்ட வருகிறார் கணவர்.

மருந்துப் பெட்டி வடிவமைப்பது அவள் தொழில். கடைக்குப் போனால் சாமானைப் பார்க்கமாட்டாள். அட்டையைத்தான் தட்டுவாள், முகர்வாள், மூலையை நகத்தால் கீறுவாள். கடைக்காரர் முறைத்தால், "உங்க சரக்குக்கு வீடு கட்டறவ நான், அண்ணே" என்பாள்.

கையுறை விளையாட்டுக்கு அல்ல; மடங்காத விரல்களோடு எதையாவது திறப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். மூட்டுவலியில் மாமனாரின் விரல்கள் விறைத்துவிட்டன. வலி மாத்திரையின் பிளாஸ்டிக் டப்பாவையோ அழுத்தித் திருக வேண்டும். மருமகள் வேலை முடிந்து வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார். "மருந்து கையிலயே இருக்கும்மா. தொறக்கத்தான் கை இல்ல" என்று சிரிப்பார்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வெறும் அட்டையில் பெட்டி செய்ய முதலாளி சம்மதித்தபோது துள்ளிக் குதித்தாள். இழுத்தால் திறக்கும் நாடா வைத்தாள். மாமனார் திறந்தார், கீழ்வீட்டு மூன்று வயது வாண்டு அவரைவிடச் சீக்கிரம் திறந்தான். குழந்தை கையில் மருந்து சிக்கலாமா? நாடாவுக்கு ஓர் அட்டைப் பூட்டு வைத்து இறுக்கினாள். வாண்டு தோற்றான், மாமனாரும் தோற்றார். தொழிற்சாலையில் பெட்டிகளை அடுக்கிக் கட்டும் அக்கா தன் பங்குக்கு, "வழவழன்னு இருக்குடி, அள்ளினா நழுவுது" என்று நொடித்தாள். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் ஒண்ணு பாப்பேன். தேறலேன்னா பழையபடி பிளாஸ்டிக்தான்."

அந்த வாரம்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். மாமனார் சாப்பாட்டுத் தட்டைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே லேசாகக் கவ்வி எடுத்துப் போனார். அந்தக் கையில் பலம்தான் இல்லை, அகலம் இருக்கிறது.

பெட்டியை நீளமாக்கி, இரு கோடியிலும் ஒரு குழி வைத்தாள். ஒரு கையை விரித்துக் குழிகளை லேசாக அமுக்கி, மறுகை மணிக்கட்டால் தள்ளினால் உள்தட்டு வெளியே வரும்.

தொழிற்சாலை மேசையில் பரீட்சை நடந்தது. வாண்டின் சின்னக் கை இரண்டு குழியையும் சேர்த்து எட்டவில்லை; ஒவ்வொரு குழிக்கும் ஒரு கை கொடுத்து அமுக்கினான். தள்ளக் கை இல்லை. ஒரு கையை எடுத்தால் பூட்டிக்கொண்டது. பல்லையும் போட்டுப் பார்த்தான். "கெட்ட பெட்டி" என்று மேசையை விட்டு இறங்கினான்.

"இவனுக்கு மூணாவது கை முளைச்சாத்தான் உண்டு" என்றாள் பெட்டிக்காரி. கட்டும் அக்கா குழிகளில் விரலைக் கொடுத்து ஓர் அடுக்கையே அலாக்காகத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு மாமனார் கையை விரித்தார். அமுக்கினார், தள்ளினார். தட்டு நழுவி வந்தது. யாரும் கேட்காமலே மூடி, மறுபடியும் திறந்தார்.

"பிளாஸ்டிக் அச்ச ஓரங்கட்டுங்க" என்றார் முதலாளி. பெட்டிக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மாமனார் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பெட்டியை வாங்கி வைக்க, பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள் மருமகள். அவர் கொடுக்கவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதைத் தன் சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டார்.