உலைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள்

என் உலையை மூடச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்குப் போன பெட்டிஷனில் ஏழாவது கையெழுத்து என் மனைவியுடையது. பட்டறை முதலாளியான தவுக்கே அதன் நகலை என் முன்னால் விரித்து, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். எனக்குக் காது வரை சூடேறியது. தினமும் உலை முன்னால் நிற்பவனுக்கே அந்தச் சூடு புதிது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் இரும்பு வார்க்கும் பட்டறையில் நான் உலைக்காரன். கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கங்களில் மண் இறைக்கும் பம்புகளுக்கு உறை வார்ப்போம். எங்கள் உலை இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புக் குழாய். மேலே கோக் கரியும் பழைய இரும்பும் சுண்ணாம்புக்கல்லும் கொட்டுவோம். கீழே ஊதி இயந்திரம் காற்றடிக்கும். அடித்துளையில் உருகிய இரும்பு ஓடி வரும். புதனும் சனியும் உருக்கும் நாள். அன்றைக்கெல்லாம் புகை எங்கள் வரிசை வீடுகளின் மேல்தான் இறங்கும். மறுநாள் மாதா கோயிலுக்கு நான் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையை என் மனைவி துவைப்பதும் சனிக்கிழமைதான்.

வீட்டுக்குப் போய்க் குதித்தேன். "புருஷன் சோத்துல மண்ணப் போடவா கையெழுத்துப் போட்ட?"

அவள் அசரவில்லை. "மண்ணு இல்லங்க, கரி. வந்து பாருங்க லா," என்று வாளியில் ஊறிய சட்டையைத் தூக்கிக் காட்டினாள். காலர் முழுக்கக் கரும்புள்ளிகள்.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுபதுகளில் நான் எஸ்டேட் புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவன். கதவை இரண்டு விரல் திறந்தால் எவ்வளவு புகை, நாலு விரல் திறந்தால் எவ்வளவு சூடு என்று என் கைக்குத் தெரியும். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது புகைவீட்டைப் பூட்டினார்கள். இந்தப் பட்டறைக்கு வந்தேன். புகை போட்டே பேர் வாங்கியவனிடம் புகை கூடாது என்றால் எப்படி இருக்கும்?

நகராண்மைக் கழகத்தார் மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் புகை குறையாவிட்டால் உலையை அணைக்க வேண்டும். நாற்பது பேர் வேலை அதோடு போய்விடும்.

தவுக்கே காஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். கழுத்தில் டை கட்டிய சீனர். அவர் விளக்கினார்: நாம் ஊதும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் தீயை எரிய வைக்கும் ஆக்சிஜன். மற்ற நாலு பங்கும் கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு ஒரு வாழை இலையைக்கூட எடுத்துப் போடாமல் நழுவும் ஆட்கள். சூட்டைத் தின்றுவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும். ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டினால் சூடு ஏறும், கரி மிச்சமாகும், புகை மெலியும். கல்யாண வீட்டு உவமை நான் சேர்த்தது. டைக்காரர் ஏதோ கணக்காகத்தான் சொன்னார்.

புந்தோங்கில் சேதி வேறு மாதிரி பரவியது. ஆக்சிஜன் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரிதான். அங்கே ஒருவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றால் சொந்தக்காரர்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். காப்பிக்கடையில் ஒருவன், "அண்ணே, உலைக்கு ஆக்சிஜன் வச்சிட்டாங்களாமே, எந்த வார்டு?" என்றான். சிரித்து வைத்தேன். வீட்டில் அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா அந்த ஆக்சிஜன் முகமூடியோடுதான் போய்ச்சேர்ந்தார். "அப்போ பட்டறை போயிருமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். புகை போக வேண்டும் என்றுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். பட்டறை போக வேண்டும் என்று இல்லை.

ஒரு புதன்கிழமை சுவரோரம் ஆள் உயரக் காஸ் தோங்குகள், அதாவது சிலிண்டர்கள், வரிசையாக நின்றன. ஊதியை எப்போதும்போல் முழுக்கத் திறந்து, ஆக்சிஜனையும் திறந்துவிட்டார்கள். உருகிய இரும்பின் மேல் மிதக்கும் அழுக்கான கசடு ஓடி வந்தது. நல்ல கசடு பச்சைப் போத்தல் நிறத்தில் இருக்கும். இது தார் மாதிரிக் கறுத்திருந்தது. கரியோடு இரும்பும் சேர்ந்து எரிகிறது என்று அர்த்தம். புகைபோக்கியில் செம்மண் நிறப் புகை. சாயங்காலம் அவள் கொடிக்கயிற்றைத் தடவி விரலைக் காட்டினாள். "நேத்து வரைக்கும் கறுப்பு, இன்னைக்குச் செவப்பு. நல்ல முன்னேத்தம் லா."

தவுக்கே கையை விரித்துவிட்டார். இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்றேன். "அசாப் கூராங், போலே?" என்று மலாயில் கேட்டார், புகை குறையுமா என்று. "போலே," என்றேன், முடியும் என்று. எந்தத் தைரியத்தில் சொன்னேனோ!

சனிக்கிழமை ஆக்சிஜனைத் திறந்ததும் நேராக ஊதியின் கதவுக்குப் போனேன். டைக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். நல்ல காற்று வந்தபிறகு வெட்டியாக வரும் காற்று எதற்கு என்றேன். புகைவீட்டுக் கதவை மூடுவதுபோல் இரண்டு விரல் மூடினேன். நீலக் கண்ணாடி வைத்து உலைக்குள் பார்த்தேன். இன்னும் அரை விரல். கசடு கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு பச்சையாக. பின்னாலேயே இரும்பு கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் ஓடி வந்தது. அந்த உலையில் அப்படியொரு இரும்பை நான் பார்த்ததில்லை. எத்தனை மில்லிமீட்டர் மூடினீர்கள் என்றார் டைக்காரர். ரெண்டரை விரல் என்றேன். அவர் என் விரலை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கரி கொட்டும் மேடைக்கு ஏறினேன். தகர வேலிக்கு அப்பால் எங்கள் வீட்டுக் கொல்லை தெரியும். உருக்கும் நாளில் உலை அணையும்வரை கொடிக்கயிறு வெறுமையாகத்தான் கிடக்கும். அவள் வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கரித்துணியை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் வெள்ளைச் சட்டையை உதறி விரித்தாள். நான் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "பாத்தியா, யாரு உலைன்னு நெனச்ச?"

சட்டையை மடித்தபடியே சொன்னாள்: "நான் கையெழுத்துப் போடலன்னா உங்க தவுக்கே ஆக்சிஜன் வாங்கியிருப்பாராங்க?"

மீசையிலிருந்து கையை எடுத்தேன். அவகாசம் முடிந்ததும் நகராண்மை அதிகாரிகள் வந்து புகைபோக்கியைப் பார்த்துவிட்டு உலையை விட்டுவைத்தார்கள். யாராவது அந்த உலையைப் பற்றிக் கேட்டால் முதலில் ரெண்டரை விரலைக் காட்டுவேன். அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ஏழாவது கையெழுத்தையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன்.