காது பரிசோதனையும் கல்லா நாற்காலியும்

மலையாளிகள் நிறைந்த ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் மொத்தப் பலசரக்குக் கடையின் கல்லா நாற்காலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்கு வேட்டு வைக்கப் பார்த்தது என் காது.

"மதினி, கூப்பிட்டா அண்ணன் திரும்பியே பாக்க மாட்டேங்குது. காத டெஸ்ட் பண்ணட்டும். கொறை இருந்தா உள்ள ஃபேனுக்கடியில உக்காரட்டும். கல்லாவ நான் பாத்துக்கிடுதேன்" என்று தம்பி என் மனைவியிடம் சொன்னான். அவளும் தலையாட்டிவிட்டாள். இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என் பேச்சு எடுபடாது.

ஆடியாலஜிஸ்ட் ஒரு மலையாளிப் பெண், என் மகள் வயதிருக்கும். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "அழுக்கொந்நும் இல்லல்லோ" என்றாள். அழுக்கின் மேல் பழியைப் போடலாம் என்றிருந்தேன். அதுவும் போயிற்று.

அடுத்தது சத்தம் புகாத சின்ன அறை. தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்டாலும் அமுக்க வேண்டும், சந்தேகமாக இருந்தாலும் அமுக்கலாம். மூச்சுவிடும் சத்தம்கூட இடைஞ்சலாக இருக்குமோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மனைவி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "ஞான் பறயுந்ந வாக்கு திரிச்சு பறயணம், சாரே" என்றாள் அந்தப் பெண். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே.

"வெள்ளம்."

"தண்ணி."

"கசேர."

"நாற்காலி."

"பஞ்சசார."

"சீனி, ஒரு மூட்டை" என்று உரக்கவே சொன்னேன்.

எல்லாம் சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் கண்ணாடியைப் பார்த்தால், அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் தப்பு போட்டிருக்கிறாள். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இவியளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது மோளே. கடையில மலையாளத்துல கேப்பாவ, இவிய தமிழ்ல உள்ள கூவணும். பழகிப்போச்சு" என்றாள். உண்மைதான். வாங்க வருபவர்கள் மலையாளிகள், உள்ளே மூட்டை எடுப்பவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். இடையில் நான். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, கேட்டதை அப்படியே சொல்லச் சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இடது காது நன்றாக இருந்தது. வலது காதில்தான் கொஞ்சம் குறை. அவள் காட்டிய வரைபடத்தில் கோடு ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. ஃபேனுக்கடியில் சும்மா உட்கார்ந்தால் நான் பாதி ஆளாகிவிடுவேன். "கல்லாவுல இருக்கலாமா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

தெரு எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். வலப்பக்கம் என்றேன். "எங்கில் கசேர ஒந்நு திரிச்சிட்டால் மதி" என்றாள். கேட்கும் காது தெருவைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டால் போதும், அவ்வளவே. ஆறு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும், கருவி வேண்டுமா என்று அப்போது பார்க்கலாம்.

மறுநாள் காலையில் நானே நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். தம்பி தெருவில் நின்று மெதுவாக "அண்ணே" என்று கூப்பிட்டுச் சோதித்தான். "என்னல?" என்றேன். உள்ளே போய்விட்டான்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு என் இடப்பக்கம் வந்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் இடம் வலப்பக்கம். சமீப காலமாக என்னிடம் கத்திக் கத்திப் பேசியவள், அன்று தணிந்த குரலில், "இனி கேக்கலைன்னு சொல்லப்பிடாது" என்றாள்.

நன்றாகக் கேட்டது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.